சோறு எப்போது திரும்பி வரும்?

"மேடம், சோத்தைத் தொட்டே மூணு மாசம் ஆகுது. எட்டு கிலோ இறங்கிட்டேன்" என்று முகம் மலர வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சந்தோஷம். மறுபடி எப்போ தொடப் போறீங்க?" என்பதைத்தான். பலரிடம் பதில் இருக்காது. சிலர், "இனிமே ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலரை அடுத்த பொங்கல் கழிந்து பார்த்தால் பழைய எடைக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையுமா? குறையும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிறுத்தப்போகும் சோறும் தோசையும் எந்த அளவில், எந்த மாதத்தில் தட்டுக்குத் திரும்பும் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யாதவர்களுக்கு அந்தப் பலன் தங்குவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

நம் ஊரில் இது 'பேலியோ' என்ற பெயரில் பரவிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 'கீட்டோ' அதன் பின்னாலேயே வந்தது. யோசனை என்னவோ மிகப் பழையது. 1863-இல் லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கைவிட்டு ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ குறைத்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். அவருடைய தொழில் இறுதிச் சடங்கு ஏற்பாடு. அரச குடும்பத்துக்கே செய்துகொடுத்த குடும்பம். அவருடைய மதிய உணவுப் பட்டியலில் இரண்டு மூன்று கிளாஸ் ஒயினும் உண்டு என்பதை இன்றைய பிரசாரகர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை! அன்றிலிருந்து இந்த உணவுமுறை அனுபவக் கதைகளின் வழியாகவே பரவி வருகிறது. இளைத்தவர் கதை எழுதுகிறார், 'முன்பு - பின்பு' என்று படம் போடுகிறார். திரும்பக் குண்டானவர் எதையும் எழுதுவதில்லை. ஆகவே கேட்கிற கதைகளை வைத்து உங்கள் பலனைக் கணக்கிடாதீர்கள்.

கதைகளை விட்டு ஆய்வுகளுக்கு வருவோம். இஸ்ரேலில் டிமோனா என்ற ஊரில் 322 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியிட்ட முடிவில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 4.7 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 2.9 கிலோவும் இளைத்திருந்தார்கள். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கவனித்தது. அங்கே 6 கிலோவுக்கு 5.3 கிலோ, வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அந்தச் சராசரியைவிட முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு பிரிவிலுமே சிலர் 25 கிலோவுக்கு மேல் இளைத்திருந்தார்கள், சிலர் எடை கூடியிருந்தார்கள். எந்த உணவுமுறை என்பதைவிட அதை யார் விடாமல் பிடித்துக்கொண்டார் என்பதுதான் கணக்கை மாற்றுகிறது. இரண்டு வருடத்துக்குப் பிறகு சராசரி ஐந்து கிலோ என்பதையும் மனதில் வையுங்கள். மூன்று மாதத்தில் இருபது கிலோ என்று யாராவது ஆசை காட்டினால் இந்த எண் நினைவுக்கு வர வேண்டும்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதும் எல்லோருக்கும் ஒரு பரவசம் வரும். அதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இதுவே உங்களைக் கவிழ்க்கப்போகிறது. நம் கல்லீரலும் தசைகளும் ஏறத்தாழ 500 கிராம் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் உடல் இந்தக் கையிருப்பை எடுத்துச் செலவு செய்கிறது. தண்ணீர் சிறுநீராகப் போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும், அதோடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். ஆக அந்த இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான்.

அந்த வாரத்தில் வரும் தலைவலி, அசதி, கெண்டைக்கால் இழுப்பு, எரிச்சல் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இந்த உப்பும் தண்ணீரும் போவதுதான் காரணம். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நீர்மோர், ஆட்டுக்கால் சூப் போன்றவை உதவும். ஆனால் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக உப்பைக் கூட்டக் கூடாது.

இங்கேயே எச்சரிக்கையையும் முடித்துவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளைகிளாசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயங்கி விழ நேரிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளில் ஆபத்து வேறு விதம்: இரத்தத்தில் கீட்டோன் அமிலம் அபாய அளவுக்கு ஏறிவிடலாம், அப்போதும் வீட்டுக் குளுக்கோமீட்டர் கிட்டத்தட்ட இயல்பான எண்ணையே காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மீட்டரை நம்பி வீட்டில் உட்காராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறைய அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். மாத்திரை அளவை மருத்துவர்தான் குறைக்க வேண்டும். முதல் வகை சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் யாரும் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று இதைத் தொடங்க வேண்டாம்.

இனி தட்டுக்கு வருவோம். "சோறு விட்டாச்சு மேடம், ராத்திரி நாலு சப்பாத்திதான்" என்பது நான் அதிகம் கேட்கும் வாசகம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுவேன். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் 15 முதல் 18 கிராம் மாவுச்சத்து. நாலு சப்பாத்தி என்றால் 60-க்கு மேல். இருநூறு கிராம் சோற்றில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு, 56 கிராம்தான். சிறுதானியமும் இப்படித்தான். சாமை, வரகு, கம்பு, ராகி எல்லாவற்றிலும் சமைக்காத நூறு கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78. நார்ச்சத்தும் தாதுக்களும் சிறுதானியத்தில் கூடுதல் என்பது உண்மை, அதற்காகச் சாப்பிடுங்கள். மாவுச்சத்து இல்லை என்று நினைத்துக் குண்டான் நிறையச் சாப்பிடாதீர்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லாம் சர்க்கரைதான்.

சென்னை மதராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைத்ததால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அதில் இருக்கிறது. கொஞ்சம் மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்குத்தான் அபாயம் குறைவாக இருந்தது. தானியத்தை மாற்றுவதில் காட்டும் அக்கறையை அளவைக் குறைப்பதில் காட்டினால் போதும்.

எவ்வளவு குறைப்பது? நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தினால் அது கீட்டோ. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்கு மருத்துவமாகத் தொடங்கிய முறை. இன்றும் குழந்தைகளின் கடும் வலிப்புக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். அதை எடை குறைப்பதற்காக வீட்டில் நாமே செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சைவ வீடு என்றால் இன்னும் சிரமம். பருப்பே வெளியே போய்விடும், பனீரும் பாதாமும் தேங்காயும்தான் மிஞ்சும். நாளுக்கு 100 முதல் 130 கிராம் வரை என்ற நடுவழிதான் என் பரிந்துரை. எடை இறங்க அது போதும், வீட்டிலும் சண்டை வராது.

அப்படி ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வெங்காயம், தக்காளி, கீரை போட்டு மூன்று முட்டை ஆம்லெட், சர்க்கரை இல்லாத காபி. முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பனீர் பொடிமாஸ், அல்லது காய் நிறையப் போட்ட பாசிப்பருப்பு அடை ஒன்று. மதியம் நூறு கிராம் சோறு. அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சாம்பார் அல்லது மீன் குழம்பு, இரண்டு வகைக் காய், ஒரு கிண்ணம் தயிர். காய் இரண்டு கைப்பிடியாவது இருக்க வேண்டும். ஊறுகாய் அளவுக்கு வைத்துக்கொள்ளும் பொரியல் கணக்கில் வராது. மாலையில் அரைக் கிண்ணம் சுண்டல். இரவு ஒரு தோசை, அதோடு கோழியோ பனீரோ காளானோ வயிறு நிறைய. கூட்டிப் பார்த்தால் 120 கிராமுக்குப் பக்கத்தில் வரும். சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள்: முதலில் காயும் கூட்டும் மீனும், சோறு கடைசியில். இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறையும், சோறும் தானாகவே குறைவாக இறங்கும்.

இங்கே இரண்டு பழக்கங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று, காலை உணவாக நூறு பாதாம். பேலியோ மூலம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பழக்கம் இது. நூறு பாதாம் என்பது நூற்றுப் பத்து நூற்றிருபது கிராம், 650 முதல் 700 கலோரி. அதுவே காலை உணவு, வேறு எதுவும் இல்லை என்றால் சரி, பசி மதியம் வரை தாங்கும். ஆனால் டிபனும் சாப்பிட்டுவிட்டு, மேஜை டப்பாவிலிருந்து அவ்வப்போது பத்துப் பத்தாக எடுத்துப் போட்டுக்கொண்டால் எடை எப்படி இறங்கும்? செலவும் சாதாரணமானதல்ல, மாதம் மூன்றரைக் கிலோ பாதாம் வாங்க நடுத்தரக் குடும்பத்தால் எத்தனை மாதம் முடியும்? நூறு கிராம் வேர்க்கடலையிலும் 25 கிராம் புரதம் இருக்கிறது, பாதாமைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே சொல்லலாம். விலையோ சிறு பங்கு. கடலையைக் கேவலமாகப் பார்க்கிற மனப்பான்மையைத் தவிர அதில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று நெய். மாவுச்சத்து பூஜ்யம் என்பதால் நெய்யும் வெண்ணெயும் கணக்கில் வராது என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 120 கலோரிக்குக் குறையாது. காபியில் வெண்ணெய் போட்டுக் குடித்தால் அது காபி அல்ல, ஒரு வேளைச் சாப்பாடு. மாவுச்சத்தைக் குறைத்தால் இளைப்பதற்கு முக்கியக் காரணம், புரதமும் காயும் கூடிப் பசி அடங்குவதும், பிஸ்கட், மிக்சர், பப்ஸ் வகையறாக்கள் வீட்டைவிட்டுப் போவதும்தான். அந்த இடத்தை நெய்யாலும் சீஸாலும் நிரப்பினால் பலன் நின்றுபோகும்.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் நிறைய விஷயங்கள் ஒன்றாக வந்து நிற்கும். எடை இறங்குவது நிற்கும். உடல் சிறிதானதும் அதற்குத் தேவையான கலோரியும் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். எடை வேகமாக இறங்கிய இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு இப்படி உதிர்வது வழக்கம், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். புரதமும் இரும்புச்சத்தும் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பாருங்கள். மலச்சிக்கல் இருந்தால் காயும் தண்ணீரும் போதவில்லை என்று பொருள். இரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு நன்றாக இறங்கி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். கொஞ்சம் ஏறியிருக்கும், நம்மவர்களுக்கு இந்த இரண்டும்தான் வழக்கமான கோளாறு என்பதால் அது நல்ல செய்தி. ஆனால் சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். எகிறிவிடும். "அது நல்ல எல்.டி.எல்." என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து, மீன், வேர்க்கடலை, நல்லெண்ணெய் பக்கம் வாருங்கள், மருத்துவரையும் பாருங்கள். தொடங்கும் முன் எடுத்த பரிசோதனை கையில் இருந்தால்தான் எது ஏறியது என்றே தெரியும். எனவே முதல் நாளுக்கு முன்பே கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை சராசரி, கிரியேட்டினின், யூரிக் அமிலம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

உடல் படுத்தாவிட்டால் வீடு படுத்தும். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஆரம்பித்தால், சமைக்கிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். கணவருக்குக் காலிஃபிளவர் சோறு, பிள்ளைகளுக்குப் பூரி, மாமியாருக்குக் குழைய வடித்த சோறு என்று மூன்று அடுப்பு எரித்துவிட்டு அவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அவரே டயட்டில் இருந்தால் இன்னும் மோசம், மிச்சம் விழுந்த இட்லி அவர் வயிற்றுக்குத்தான் போகும். நான் சொல்வது ஒரே குழம்பு, ஒரே பொரியல், ஒரே கூட்டு. காயின் அளவைக் குடும்பம் முழுக்க இரட்டிப்பாக்குங்கள், சோற்றை மட்டும் ஆளுக்கு ஏற்ற அளவில் வையுங்கள். இதை ஏற்காத வீட்டில் எந்த டயட்டும் ஆறு மாதம் தாண்டி நான் பார்த்ததில்லை.

இப்போது சோறு திரும்பி வரும் விஷயம். நினைத்த எடைக்கு வந்த பிறகோ, மூன்று மாதமாக முள் அசையாமல் நின்றபோதோ திரும்ப ஆரம்பிக்கலாம். நாளுக்கு 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து மட்டும் கூட்டுங்கள்: மதியம் கூடுதலாக எண்பது கிராம் சோறு, அல்லது இரவில் இரண்டு இட்லி. இரண்டு வாரம் அப்படியே இருங்கள். இந்த இரண்டு வாரத்தில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறலாம். பயப்படாதீர்கள். முதல் வாரத்தில் சிறுநீராகப் போன அதே தண்ணீர்தான் திரும்பி வந்திருக்கிறது. இது தெரியாததால்தான் பலர் கவிழ்கிறார்கள். தங்கை கல்யாணத்தில் இரண்டு நாள் இலையில் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கும். "எல்லாம் போச்சு" என்று அன்று மாலையே பரோட்டாக் கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். இன்னும் சிலர் மூன்று நாள் பட்டினி கிடப்பார்கள். இரண்டுமே தேவையில்லை, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு வாரத்தில் அந்தத் தண்ணீர் இறங்கிவிடும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் எடை மேலும் ஏறாமல் நின்றால் இன்னொரு 20 கிராம் கூட்டிப் பாருங்கள். ஏற ஆரம்பித்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். அங்கேதான் உங்கள் அளவு இருக்கிறது. ஒருவருக்கு 130 கிராமாக இருக்கும், தினமும் வயலில் இறங்கி வேலை செய்பவருக்கு 220 ஆக இருக்கும். அதோடு ஓர் எல்லை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: நிலைத்த எடையிலிருந்து மூன்று கிலோ கூடினால் உடனே பழைய படிக்குத் திரும்புவது என்று. பத்து கிலோ கூடிய பிறகு திரும்புவது யாருக்கும் முடிவதில்லை. எடை மெஷினோடு ஓர் அளவு நாடாவும் வாங்குங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பது எல்லை. எடை அசையாத மாதங்களிலும் இடுப்பு குறைவதுண்டு.

இதையெல்லாம் எழுதி வைக்கப் பொறுமை இல்லை, இல்லை குடும்பச் சூழலில் இவ்வளவு மாற்றம் சாத்தியமில்லை என்றால் டயட் என்று எதையும் ஆரம்பிக்காதீர்கள். காபி டீயில் சர்க்கரை, பேக்கரி, சாப்பாட்டில் இரண்டாவது முறை வாங்கிப் போட்டுக்கொள்ளும் சோறு, இந்த மூன்றை மட்டும் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து இடுப்பை அளந்துவிட்டு எழுதுங்கள்.